முட்டைக்கோஸ் மேல் விழுந்த பழி

முட்டைக்கோஸை நறுக்கும்போது பச்சையாக ஒரு புழு நெளிந்தால் போதும், “இதுதான் மூளைக்குப் போகுமாம்” என்று யாராவது சொல்லிவிடுவார்கள். பாவம், அது பெரும்பாலும் வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு. கோஸ், காலிஃபிளவர் வகைச் செடிகளின் இலைதான் அதற்குச் சாப்பாடு. நம் மூளையில் அதற்கு ஒரு வேலையும் இல்லை.

மூளைக்குப் போவது வேறு ஆள். டீனியா சோலியம் என்ற நாடாப்புழு. அதன் வாழ்க்கை மனிதனுக்கும் பன்றிக்கும் நடுவே சுற்றுகிறது. சரியாக வேகாத பன்றி இறைச்சியில் இருக்கும் நீர்க்கட்டி நம் குடலுக்குள் போனால், அங்கே சில மீட்டர் நீளத்துக்குப் புழுவாக வளரும். அதன் வால்பக்கத் துண்டுகள் மலத்தோடு உதிரும். ஒரு துண்டில் சுமார் 50,000 முட்டைகள் இருக்கும். அந்த மலத்தைப் பன்றி தின்றால், முட்டையிலிருந்து வரும் இளம்புழு பன்றியின் சதையில் நீர்க்கட்டியாகத் தங்கும்.

அந்த முட்டையை நாமே விழுங்கிவிட்டால்? இளம்புழு நம்மையும் பன்றி என்றே எடுத்துக்கொள்கிறது. குடலில் ஓடு கரைந்ததும், ஆறு கொக்கிகள் கொண்ட அந்தக் குட்டி குடல்சுவரைத் துளைத்து ரத்தத்தில் ஏறுகிறது. தசை, கண், மூளை என்று எங்கு வேண்டுமானாலும் இறங்கும். மூளையில் இறங்கியது உடலின் காவல்படைக்குப் பிடிகொடுக்காமல் வருடக்கணக்கில் சும்மா கிடக்கும். வினோதம் என்னவென்றால், உயிரோடு இருக்கும்வரை பெரிதாகத் தொல்லை தராத கட்டி, சாகத் தொடங்கும்போதுதான் வம்பு செய்கிறது. சுற்றிலும் வீக்கம், அப்புறம் வலிப்பு. இந்த நோய் பரவலாக உள்ள நாடுகளில் வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ 30 சதவீதம் பேருக்கு இதுவே காரணம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சரியாக வேகாத பன்றி இறைச்சி தின்பவரின் குடலில் புழு வளரலாம். மூளையில் கட்டி வருவதற்கோ இறைச்சியைத் தொடவே வேண்டாம். சுத்த சைவருக்கும் வரும். 1992-இல் நியூயார்க்கில் பன்றியைத் தொடாத வைதீக யூதக் குடும்பங்களில் நால்வருக்கு இந்த நோய் இருந்தது மருத்துவ இதழில் வெளியானது. வீட்டு வேலைக்கு வந்தவர்களிடமிருந்து தொற்றியிருக்கலாம் என்று தெரிந்தது. அவர்களும் நோயாளிகள்தான், தங்கள் குடலில் புழு இருப்பது தெரியாதவர்கள். உதிர்ந்த முட்டை அந்த நொடியிலேயே தொற்றத் தயார் என்பதால், குடலில் புழு உள்ள ஒருவர் கழிப்பறை போய்வந்து கைகழுவாமல் உணவைத் தொட்டாலே போதும்.

காய்கறிக்கு முட்டை வருவது சாக்கடைத் தண்ணீர் பாய்ந்த வயலிலிருந்தோ, திறந்தவெளியில் கிடந்த மலத்திலிருந்தோ, கையாண்டவர் கையிலிருந்தோ. ஒரு முட்டையின் அளவு 30 முதல் 40 மைக்ரான், கண்ணுக்குத் தெரியாது. தடித்த ஓடு இருப்பதால் ஈரமண்ணில் மாதக்கணக்கில் தாங்கும். குடிநீரில் கலக்கும் அளவு குளோரினுக்கெல்லாம் அசையாது. மஞ்சளும் கல்லுப்பும் போட்ட தண்ணீர் பச்சைப் புழுவை வெளியே விரட்டும், முட்டையைக் கொல்லாது. ஓடும் தண்ணீரில் இலை இலையாகப் பிரித்துத் தேய்த்துக் கழுவினால் பெரும்பாலும் அடித்துக்கொண்டு போகும். கொதிக்கவைத்தால் கதை முடிந்தது.

அப்படிப் பார்த்தால் வெந்து இறங்கிய கோஸ் பொரியல் நிரபராதி. விசாரிக்க வேண்டியது, இறக்கிய பிறகு அதன் மேல் பச்சையாகத் தூவினோமே, அந்தக் கொத்தமல்லியை.