“திமிர்” என்று ஒரு சீட்டு

கலிஃபோர்னியாவில் அரசுப் பள்ளிகளில் உளவியலாளராக வேலை பார்க்கிறேன். வகுப்பில் ஏதாவது நடந்தால் ஆசிரியர் ஒரு சீட்டு எழுதிப் பையனை அலுவலகத்துக்கு அனுப்புவார். சில சீட்டுகளில் “சிகரெட் பிடித்தான்”, “நாற்காலியை உடைத்தான்” என்று இருக்கும். சிலவற்றில் “ஆட்டிட்யூட் சரியில்லை”, “மரியாதை தெரியவில்லை”, அவ்வளவுதான். நம் வீட்டுப் பேச்சில் சொன்னால், திமிர். இந்த இரண்டாவது வகைச் சீட்டோடு என் அறைக்கு வருபவர்களில் கறுப்பினப் பையன்களே அதிகம்.

இது என் பள்ளிகளின் கதை மட்டும் இல்லை. கல்வி ஆய்வாளர் ரஸல் ஸ்கிபாவும் அவருடைய குழுவும் 2002-இல் வெளியிட்ட ஆய்விலும் இதையே கண்டார்கள். வெள்ளை இன மாணவர்கள் மீதான புகார்கள் புகைபிடித்தல், பொருளைச் சேதப்படுத்தல் போல கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியவை. கறுப்பின மாணவர்கள் மீதானவை மரியாதைக் குறைவு, அதிகச் சத்தம் போல, பார்ப்பவரின் மனதைப் பொறுத்தவை. 2017-18 கல்வியாண்டில் அமெரிக்க அரசுப் பள்ளி மாணவர்களில் கறுப்பினப் பையன்கள் சுமார் 8 சதவீதம். சஸ்பெண்ட் ஆகி வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் அவர்கள் சுமார் 25 சதவீதம்.

நாலாம் வகுப்புக் கறுப்பினப் பையன் ஒருவன். ஒரே மாதத்தில் ஐந்து சீட்டு. நான் போய் வகுப்பின் கடைசியில் உட்கார்ந்தேன். பதினைந்து விநாடிக்கு ஒருமுறை அவன் என்ன செய்கிறான் என்று குறிப்பேன். ஒப்பிட்டுப் பார்க்க, பக்கத்து மேசைப் பையனையும் குறிப்பேன். அரை மணி நேரம் ஆனது. இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே அளவு பென்சிலை உருட்டினார்கள், வேடிக்கை பார்த்தார்கள். ஆசிரியர் பக்கத்து மேசைப் பையனைக் கூப்பிட்டது ஒரு தடவை. இவனைக் கூப்பிட்டது ஒன்பது தடவை. ஒன்பதாவது தடவை அவன் சலிப்போடு உச்சுக்கொட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்தான். அதுதான் ஆறாவது சீட்டு.

அந்த ஆசிரியர் கெட்டவர் இல்லை. நான் குறித்த தாளைக் காட்டியபோது அவர் கண் கலங்கியது. அவர் கண் முதலில் யாரைத் தேடிப் போகிறது என்பது அவருக்கே தெரிந்திருக்கவில்லை.

என் துறையும் சுத்தமானது இல்லை. கறுப்பினக் குழந்தைகளுக்கு ஐ.க்யூ. சோதனை வைத்து, மூளை வளர்ச்சி குறைந்தவர்களுக்கான வகுப்பில் தள்ளியவர்கள் எங்களைப் போன்ற உளவியலாளர்கள்தான். அதை எதிர்த்துத் தொடுத்த லாரி பி. வழக்கில் 1979-இல் நீதிமன்றம் இங்கே அதற்குத் தடை விதித்தது. அந்த வரலாறு தெரியாமல் யாரும் இந்த வேலைக்கு வரக்கூடாது என்பேன்.

“வறுமைதானே காரணம்?” என்று நம்மவர்கள் கேட்பார்கள். வறுமைக்கும் பங்கு உண்டு, ஆனால் அது மட்டும் இல்லை. பொருளியலாளர் ராஜ் செட்டியும் சக ஆய்வாளர்களும் 2018-இல் காட்டினார்கள்: ஒரே வருமானமுள்ள வீட்டில் வளர்ந்தாலும், பெரியவனானபின் கறுப்பினப் பையன் வெள்ளை இனப் பையனைவிடக் குறைவாகவே சம்பாதிக்கிறான். பெண்களிடம் அந்த இடைவெளி கிட்டத்தட்ட இல்லை.

மாற்ற முடியாத விஷயமும் இல்லை இது. வட கரோலினாவில் நடந்த ஓர் ஆய்வில், மூன்றிலிருந்து ஐந்தாம் வகுப்புக்குள் ஒரே ஒரு கறுப்பின ஆசிரியரிடம் படித்திருந்தாலே, மிக ஏழைக் கறுப்பினப் பையன்கள் உயர்நிலைப் பள்ளியைப் பாதியில் விடுவது 39 சதவீதம் குறைந்தது. கலிஃபோர்னியாவில் 2024 ஜூலையிலிருந்து, சொன்னதைக் கேட்கவில்லை என்பதற்காக மட்டும் உயர்நிலைப் பள்ளி மாணவரையும் சஸ்பெண்ட் செய்யக்கூடாது. நல்ல சட்டம். ஆனால் சீட்டு எழுதும் கை அதே கைதான்.

இங்கே வீடு தேடும் தமிழ்க் குடும்பங்கள் முதலில் பார்ப்பது பள்ளியின் மதிப்பெண். சரி, பாருங்கள். மாநில அரசின் இணையதளமான கலிஃபோர்னியா ஸ்கூல் டாஷ்போர்டில் அதே பள்ளி எந்த இன மாணவர்களில் எத்தனை சதவீதத்தினரைச் சஸ்பெண்ட் செய்தது என்பதும் இருக்கிறது. அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். அந்தப் பையன்கள் என்ன செய்தார்கள் என்று சீட்டுகளில் எழுதியிருக்கிறதா, ஆசிரியர் கண்ணுக்கு எப்படித் தெரிந்தார்கள் என்று எழுதியிருக்கிறதா என்று முதல்வரிடம் கேளுங்கள்.