ரெசின் கிண்ணத்தைத் திறக்கும் முன்

மண் பரிசோதனைக் கூடத்தில் 26 வருடம் வேலை பார்த்தேன். மண்ணில் கரிமம் எவ்வளவு என்று கண்டுபிடிக்கப் பொட்டாசியம் டைகுரோமேட்டும் அடர் கந்தக அமிலமும் வேண்டும். கையுறை போடாமல் ஒரு நாளும் அந்தக் குடுவையைத் தொட்டதில்லை. ஓய்வு பெற்று, திருவையாற்றில் வீட்டுப் பின்கட்டில் மிக்ஸட் மீடியா, அதாவது பல பொருட்களைச் சேர்த்துச் செய்யும் கலைவேலை, செய்ய உட்கார்ந்தபோது அந்தப் பழக்கம் கூடவே வரவில்லை. அது வேலை, இது கலை என்று மனது பிரித்துவிட்டது.

வண்டல் மண், நெட்டி என்ற நீர்ச்செடியின் வெள்ளைத் தண்டு, வாழை நார், பழைய கணக்குப் புத்தகத் தாள், எல்லாவற்றின் மேலும் எப்பாக்ஸி ரெசின், அதாவது ஹார்டனர் என்ற இறுக்கும் திரவத்தைக் கலந்து ஊற்றினால் கண்ணாடிபோல் இறுகும் செயற்கைப் பிசின். வெறுங்கையாலேயே ஊற்றினேன், ஒட்டியதைத் தின்னரால் துடைத்தேன். நான்காவது மாதம் விரலிடுக்கில் அரிப்பு, அப்புறம் கண் இமை வீங்கியது. சோப்பை மாற்றிப் பார்த்தேன், சமையல் புளியைக்கூடச் சந்தேகப்பட்டேன். தோல் மருத்துவர் எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க முதுகில் பேட்ச் டெஸ்ட் பட்டைகளை ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்துச் சொன்னார்: எப்பாக்ஸி ஒவ்வாமை.

இந்த ஒவ்வாமை ஒரு முறை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் இருக்கும். அதன் பிறகு துளி பட்டாலும் தோல் வெடிக்கும். ஆரம்பத்தில் எதுவும் செய்யாது என்பதுதான் இதில் ஆபத்து. என்னிடம் இந்தக் கலையைக் கற்றுக்கொள்ள வருபவர்களில் பாதிப்பேர் வங்கியிலோ பள்ளியிலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். "ஆறு மாசமா செய்றேன் மேடம், ஒண்ணும் ஆகலயே" என்பார்கள். நானும் மூன்று மாதம் அப்படித்தான் இருந்தேன்.

லேடெக்ஸ் என்ற இயற்கை ரப்பர் கையுறை போதாது, நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை வேண்டும். கையில் பட்டால் சோப்பும் தண்ணீரும்தான், தின்னர் ரெசினைத் தோலுக்குள் இன்னும் இழுத்துவிடும். என்95 முகக்கவசம் உப்புத்தாள் தேய்க்கும் தூசிக்கு. ஆவியை அது தடுக்காது, அதற்குக் கரி வடிப்பான் வைத்த ரெஸ்பிரேட்டர் என்ற மூச்சுக்கவசம் இருக்கிறது. ஏசி போட்டு மூடிய அறையில் ஊற்றவே வேண்டாம். ஹார்டனரைக் கண்ணளவில் கலக்காதீர்கள், அளவு தப்பினால் உள்ளே இறுகாமல் பிசுபிசுவென்று நிற்கும்.

நம் ஊருக்கென்று ஒரு சங்கதி உண்டு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஊற்றினால் மேலே வெள்ளையாக ஒரு படலம் பூக்கும். நெட்டி தனக்குள் காற்றை வைத்திருப்பதால் நேராக ரெசினில் போட்டால் குமிழியாகக் கிளம்பும். முதலில் ஃபெவிகாலை நீர்க்கக் கரைத்து ஒரு பூச்சு கொடுத்து, நன்றாகக் காய வைத்துவிடுங்கள்.

சரி, நான் இப்போது என்ன செய்கிறேன்? ரெசினை விட்டுவிட்டேன். தஞ்சாவூர் ஓவியமே பலகை, துணி, சுண்ணாம்புத்தூள், புளியங்கொட்டைப் பசை, தங்க ரேக்கு, கல் என்று பலதும் சேர்ந்ததுதானே. மிக்ஸட் மீடியா என்ற பெயர்தான் நமக்குப் புதிது. அந்தப் புளியங்கொட்டைப் பசையைத்தான் இப்போது காய்ச்சுகிறேன். பூச்சி வராமலிருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்ப்பேன். அதுவும் வயிற்றுக்குள் போனால் விஷம். அதனால் அந்தப் பாத்திரத்தில் சிவப்புப் பெயின்டால் பெருக்கல் குறி போட்டு, பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டாத பரண்மேல் வைத்திருக்கிறேன்.