ஓராண்டு மருத்துவச் சான்றிதழ் எவ்வளவு கடன் தாங்கும்?

அமெரிக்காவின் எந்தக் கம்யூனிட்டி காலேஜை எடுத்தாலும் நர்சிங் அசிஸ்டென்ட், ரத்தம் எடுக்கும் ஃபிளபாட்டமி, மெடிக்கல் அசிஸ்டென்ட், எல்.பி.என். (ஆர்.என். எனும் பதிவுபெற்ற நர்ஸுக்கு அடுத்த கீழ்நிலை உரிமம் பெற்ற நர்ஸ்) என்று சான்றிதழ் படிப்புகள் வரிசை கட்டி நிற்கும். பெயரளவில் எல்லாமே மருத்துவத் துறைதான், சம்பளத்தில் அப்படியில்லை. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் மே 2023 கணக்குப்படி ஃபிளபாட்டமி முடித்தவரின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 41,810 டாலர், மெடிக்கல் அசிஸ்டென்டுக்கு 42,000, எல்.பி.என்.னுக்கு 59,730. இடைநிலை என்றால் பாதிப் பேர் அதற்கும் கீழே வாங்குகிறார்கள் என்று பொருள். புதிதாக வேலைக்குச் சேர்பவர் பெரும்பாலும் அந்தக் கீழ்ப்பாதியில்தான் இருப்பார்.

பலர் கடனைச் சம்பளத்தோடு ஒப்பிடுகிறார்கள். ஒப்பிட வேண்டியது, படிக்காமலே கிடைத்திருக்கும் சம்பளத்துக்கு மேல் வரும் கூடுதலோடு. கடையில் மணிக்கு 17 டாலருக்கு முழுநேரம் வேலை செய்பவர் ஆண்டுக்கு 35,360 வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மெடிக்கல் அசிஸ்டென்ட் ஆனால் அவருக்குக் கூடுவது வரிக்கு முன் 6,640 டாலர். எல்.பி.என். ஆனால் 24,370.

பெற்றோரைச் சாராத மாணவருக்கு முதலாண்டில் கிடைக்கும் கூட்டாட்சிக் (அமெரிக்க மத்திய அரசின்) கடன் அதிகபட்சம் 9,500 டாலர். அதில் 3,500 வரைதான் படிக்கும் காலத்து வட்டியை அரசு ஏற்கும்; மீதிக்குப் பணம் கைக்கு வந்த நாளிலிருந்தே வட்டி ஓடும். 2025-26 வட்டி 6.39 சதவீதம். பத்தாண்டுத் தவணையில் 9,500க்கு மாதம் சுமார் 107 டாலர், ஆண்டுக்கு ஏறக்குறைய 1,290. மெடிக்கல் அசிஸ்டென்டின் கூடுதல் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கை இது தின்றுவிடும். எல்.பி.என்.னுக்கு இருபதில் ஒரு பங்கு. அதே மெடிக்கல் அசிஸ்டென்ட் படிப்பைத் தனியார் பள்ளியில் 20,000 டாலர் கடனோடு முடித்தால், அதே வட்டியில் தவணை மட்டும் ஆண்டுக்கு 2,700ஐத் தாண்டும். கூடுதலாக வருவதில் நாற்பது சதவீதம் அங்கேயே போய்விடும்.

ஆண்டுத் தவணை சம்பளத்தில் 8 சதவீதத்துக்குள் இருக்கலாம் என்று 2024இல் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சி விதியில் ஓர் அளவுகோல் உண்டு. அதன்படி 42,000 சம்பளம் ஏறக்குறைய 24,800 டாலர் கடனைத் தாங்கும். அது படிப்புகளை வடிகட்டப் போட்ட எல்லை. ஒரு குடும்பம் நம்பி வாங்கக்கூடிய அளவல்ல.

நர்சிங் அசிஸ்டென்ட் படிப்புக்குக் கடனே வேண்டாம். கூட்டாட்சி விதிப்படி குறைந்தபட்சப் பயிற்சி 75 மணி நேரம்தான். மெடிகேர், மெடிகெய்ட் என்ற அரசு மருத்துவக் காப்பீடுகளை ஏற்கும் முதியோர் இல்லத்தில் ஏற்கெனவே வேலையில் இருப்பவரிடமோ வேலை உறுதியானவரிடமோ பயிற்சிக் கட்டணம் வாங்கக் கூடாது. சொந்தக் காசில் படித்து 12 மாதத்துக்குள் அப்படியோர் இல்லத்தில் சேர்ந்தால், வேலை பார்த்த காலத்துக்கு ஏற்ப மாநிலம் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும். ரசீதுகளைத் தொலைத்துவிட்டு இந்தப் பணத்தை விட்டவர்கள் நிறைய.

சம்பளத் தகவலுக்குக் கல்வித் துறையின் காலேஜ் ஸ்கோர்கார்டு தளம் உதவும், ஆனால் கவனமாகப் படிக்க வேண்டும். மெடிக்கல் அசிஸ்டிங் தனியாக வராது. வேறு சில உதவியாளர் படிப்புகளோடு ஒரே தொகுப்பாகத்தான் வரும். கூட்டாட்சி உதவி பெற்ற மாணவர்களை மட்டுமே கணக்கில் எடுப்பார்கள். சிறிய படிப்புகளுக்கு எண்ணே இருக்காது. உள்ளூர் மருத்துவமனைகளின் வேலை விளம்பரத்தில் மணிக்கூலியைப் பார்த்து 2,080ஆல் (ஓராண்டின் முழுநேர வேலை மணிகள்) பெருக்கினால் இதைவிடத் தெளிவாகத் தெரியும்.

சேரும் முன் கேட்டே ஆக வேண்டியது அங்கீகாரம் பற்றி. மெடிக்கல் அசிஸ்டென்டுக்கான சி.எம்.ஏ. என்ற தொழில் சான்றிதழ்த் தேர்வெழுதப் பொதுவான வழி, சி.ஏ.ஏ.ஹெச்.ஈ.பி. அல்லது ஏ.பி.ஹெச்.ஈ.எஸ். என்ற அமைப்பு அங்கீகரித்த படிப்பை முடிப்பது. கல்லூரிக்கு அங்கீகாரம் இருப்பது வேறு, அந்தப் படிப்புக்கு இருப்பது வேறு. ‘நான்-கிரெடிட்’ என்று போட்டிருந்தால் அந்தப் பாடங்கள் பின்னால் பட்டப்படிப்புக்கு எளிதில் கணக்காகாது. நர்சிங்கில் மேலே போக நினைப்பவருக்கு இது பெரிய இழப்பு; அதே மே 2023 கணக்கில் ஆர்.என்.னின் இடைநிலைச் சம்பளம் 86,070 டாலர்.

கட்டணப் பட்டியலில் வராத செலவுகளும் உண்டு: பின்னணிச் சோதனை, சீருடை, சி.பி.ஆர். (இதய-சுவாச முதலுதவி) பயிற்சி அட்டை, தேர்வுக் கட்டணம், தடுப்பூசிகள். மூன்று ஊசி கொண்ட ஹெபடைடிஸ் பி வரிசை முடிய ஆறு மாதம் ஆகும். தள்ளிப்போட்டால் மருத்துவமனைப் பயிற்சியும் தள்ளிப்போகும். இந்தியாவில் பி.சி.ஜி. போட்டுக்கொண்ட நம்மவர்களுக்குக் காசநோய்த் தோல் சோதனை தவறாகப் பாசிட்டிவ் காட்டக்கூடும். ஐ.ஜி.ஆர்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையை முதலிலேயே கேட்டு வாங்கினால், தேவையில்லாத எக்ஸ்ரே அலைச்சல் மிச்சம்.

ஹெச்-1பி போன்ற வேலை விசாக்காரர்களின் துணைவருக்கான ஹெச்-4 விசாவில் இருப்பவர்கள் படிக்கலாம், ஆனால் பெல் மானியமும் (வருமானம் குறைந்த மாணவருக்கான அரசு உதவி) கூட்டாட்சிக் கடனும் கிடையாது. வேலை அனுமதி அட்டை இல்லாமல் சம்பளத்துக்கு வேலை செய்யவும் முடியாது. அட்டை எப்போது வரும் என்று தெரியாத நிலையில் இந்தச் செலவைத் தள்ளிவைப்பதே நல்லது. கிரீன் கார்டு உள்ளவர்கள் தகுதி பெறுவார்கள். பெல் மானியத்தின் 2025-26 உச்சவரம்பு 7,395 டாலர், அதைத் திருப்பித் தர வேண்டியதில்லை.

பாதியில் நிற்பவர்களுக்குத்தான் அடி பலமாக விழும். பருவத்தின் 60 சதவீதம் முடியும் முன் எல்லாப் பாடங்களையும் விட்டு விலகினால், மானியத்தில் அன்றுவரை உரிமையான பங்கு போக மீதியைக் கல்லூரி அரசுக்குத் திருப்பிவிட்டு, அந்தத் தொகைக்கு மாணவரிடம் பில் போடும். விலகல் படிவத்தில் கையெழுத்திடும் முன் நிதியுதவி அலுவலகத்தில் அந்த 60 சதவீதத் தேதி எது என்று கேளுங்கள். சில நேரம் இன்னும் நாலு நாள் வகுப்புக்குப் போனாலே சில ஆயிரம் டாலர் தப்பிவிடும்.