ஓர் ஆக்சிஜனோடு நிறுத்த வேண்டும்

கல்லூரிகளில் பேசப் போகும்போதெல்லாம் கடுகு வாயு என்ற போர் நச்சை அழிப்பது பற்றி யாராவது ஒரு மாணவர் கேட்டுவிடுவார்: "கடுகு வாயுவுக்கு ப்ளீச்சிங் பவுடர் போட்டால் போதாதா மேடம்?" நல்ல கேள்விதான். முதல் உலகப் போரிலேயே படைகள் அதைத்தான் கொட்டின. தரைக்கும் வண்டிக்கும் சரி. ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. நான் வேலை செய்யும் நுண்துளைப் பொருட்கள் கைகொடுப்பது அந்த இடத்தில்தான்.

கடுகு வாயு பெயரில்தான் வாயு. உண்மையில் எண்ணெய் போன்ற திரவம். 14 டிகிரிக்குக் கீழே உறைந்தே போகும். 1917 ஜூலையில் பெல்ஜியத்தின் ஈப்பர் அருகே ஜெர்மன் படை முதலில் வீசியது. 1988 மார்ச் 16 அன்று ஈராக்கின் ஹலப்ஜாவில் சொந்த நாட்டு மக்கள் மீதே வீசப்பட்டது. அன்று தப்பியவர்களில் பலருக்கு நுரையீரலும் கண்ணும் பிறகு சரியாகவே இல்லை. தோலில் படும்போது இது வலிக்காது. சில மணி நேரம் கழித்துத்தான் சிவக்கும், கொப்புளம் வரும். அதற்குள் உள்ளே நடக்க வேண்டிய கேடு நடந்து முடிந்திருக்கும்.

அது எப்படி நடக்கிறது? மூலக்கூறின் நடுவில் ஒரு கந்தக அணு, இரண்டு முனையிலும் குளோரின். கந்தகம் தன்னிடம் இருக்கும் எலக்ட்ரான் ஜோடியால் ஒரு குளோரினை வெளியே தள்ளிவிட்டு, மூன்று அணு வளையமாகச் சுருண்டுகொள்ளும். அந்த வளையம்தான் டிஎன்ஏவைப் போய்ப் பிடிக்கிறது. கந்தகத்தின் மேல் ஓர் ஆக்சிஜனை ஏற்றிவிட்டால் வளையம் போடுவது கடினம்; சல்ஃபாக்சைடு என்ற, பெரிதாகத் தொல்லை தராத பொருளாகிவிடும். இரண்டாவது ஆக்சிஜனும் ஏறினால் சல்ஃபோன். அது மறுபடியும் கொப்புளம் வரவைக்கும்! ப்ளீச் போன்ற முரட்டு வேதிப்பொருளுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது.

இங்கேதான் ஒளி வருகிறது. உலோக அணுத்திரள்களைக் கரிம மூலக்கூறுகளால் இணைத்துக் கட்டிய நுண்துளைச் சட்டகங்களுக்கு 2025இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது நினைவிருக்கலாம். அந்தக் குடும்பத்தில் ஒன்று, சிர்கோனியத்தையும் போர்ஃபிரினையும் சேர்த்துக் கட்டியது. ஒரு கிராம் தூளுக்குள் 2000 சதுர மீட்டருக்கு மேல் உள்பரப்பு. போர்ஃபிரின் நம் ரத்தத்தின் ஹீமில் இருக்கும் அதே வகை வளையம். இலையின் பச்சையமும் அதற்கு உறவு. ஒளி பட்டதும் அது காற்றில் உள்ள ஆக்சிஜனைக் கிளர்த்தி, சிங்கிளெட் ஆக்சிஜன் என்ற நிலைக்குக் கொண்டுபோகிறது. தண்ணீரில் அதன் ஆயுள் சில மைக்ரோ விநாடிதான். ஆனால் துளைக்குள்ளேயே கந்தகம் காத்திருப்பதால் அது போதும். ஓர் ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டுப் பெரும்பாலும் அத்தோடு நின்றுவிடுகிறது. 2015இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜோசப் ஹப், ஓமர் ஃபார்ஹா குழுவினர் இன்னொன்றையும் காட்டினார்கள்: இதே தூளின் சிர்கோனிய முனைகள், நரம்பு நச்சுக்குப் பதிலாக ஆய்வகங்களில் பயன்படும் மாதிரிப்பொருளையும் தண்ணீரின் துணையோடு உடைத்துவிடும். வந்து விழுந்தது எந்த நச்சு என்று தெரியாத இடத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம்!

எங்கள் ஆய்வகத்தில் அசல் நச்சு கிடையாது. ஒரு குளோரின் குறைந்த 'அரைக் கடுகு'தான். கண்ணாடிக் குப்பியில் கருஊதாத் தூள், பக்கத்தில் நீல எல்இடி, மெல்ல ஆக்சிஜன் குமிழி. இன்னொரு குப்பியை அலுமினியத் தாளில் சுற்றி இருட்டில் வைப்போம், ஒப்பிட்டுப் பார்க்க. ஒருமுறை இருட்டுக் குப்பியிலும் வினை நடந்திருந்தது. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் பார்த்தால், தாளின் அடிப்பக்கத்தில் நகக்கண் அளவு இடைவெளி.

அந்த இடைவெளி எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும், வேறொரு காரணத்துக்காக. ஒளியும் காற்றும் இருந்தால்தான் இந்தத் தூள் வேலை செய்யும். இரவில், பதுங்கு குழியில், சட்டையின் உள்மடிப்பில் என்ன செய்வது? வியர்வையும் தூசியும் துளையை அடைத்தால்? முகக்கவசத்திலும் உடுப்பிலும் இதைப் பூசும் ஆய்வுகள் இந்தக் கேள்விகளோடுதான் மல்லுக்கட்டுகின்றன. இது உடம்புக்குள் போன நச்சை எடுக்கும் மருந்தும் அல்ல. தோலில் பட்டால் செய்ய வேண்டியது இன்றும் பழைய வேலைதான்: உடனே துணியைக் கழற்றுவது, தேய்க்காமல் ஒற்றியெடுப்பது, சோப்பும் நிறைய தண்ணீரும் விட்டுக் கழுவுவது, கண்ணைத் தண்ணீரால் அலசுவது, அப்புறம் மருத்துவமனை. ப்ளீச்சைத் தோலில் தேய்க்கவே கூடாது.

போன வருடம் ஒரு மாணவியின் மணிக்கட்டில், கையுறை முடியும் இடத்தில், அரைக் கடுகு ஒரு துளி தெறித்தது. வலிக்கவில்லை என்பதால் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். சாயங்காலம் தேநீர் குடிக்கும்போது பேச்சுவாக்கில்தான் சொன்னாள். கோப்பையை அப்படியே வைத்துவிட்டு அவளைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். மறுநாள் அந்த இடத்தில் ஒரு ரூபாய் அளவுக்குச் சிவப்பு, கொப்புளமாகவில்லை, அதிர்ஷ்டம். இப்போது எங்கள் ஆய்வகக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: "வலிக்கவில்லையா? உடனே கழுவிவிட்டுச் சொல்."