திங்கட்கிழமை வயித்துவலியும் ஹோம் ஸ்கூலிங்கும்

கொழும்பு வெள்ளவத்தையில சின்னதா ஒரு டிஸ்பென்சரி வச்சிருக்கிறன். திங்கட்கிழமை காலம கதவைத் திறந்தா ஸ்கூல் யூனிஃபோர்மோட ஒரு பிள்ளையாவது வயித்தைப் பிடிச்சுக்கொண்டு வாசல்ல நிக்கும். அதே வயிறு ஞாயிறு ராத்திரி கொத்துரொட்டி சாப்பிட்டுட்டு நல்லாத்தான் இருந்திருக்கும். முந்தி அம்மாமார் "ஒரு மெடிக்கல் எழுதித் தாங்க டொக்டர்" எண்டு மட்டும்தான் கேப்பாங்க. இப்ப கொஞ்சக் காலமா வேற கேள்வி வருது, "பேசாம ஸ்கூலை நிப்பாட்டிட்டு வீட்டிலயே படிப்பிச்சா என்ன டொக்டர்?"

நான் டீச்சர் இல்ல, ஆனா இந்தக் கேள்வி என்ட மேசைக்குத்தான் வருது, அதால எனக்குத் தெரிஞ்ச பக்கத்தை எழுதுறன். (பிள்ளைகளை அடையாளம் தெரியாத மாதிரி விஷயங்களைக் கொஞ்சம் மாத்தித்தான் எழுதியிருக்கிறன்.)

2020 மார்ச்ல கோவிட்டுக்கு ஸ்கூல் பூட்டினது, பிறகு 2022ல பெற்றோல் டீசல் இல்லாம திரும்பப் பூட்டினது, அப்ப பிள்ளை வீட்டில சூம்ல இருந்து படிச்சதை வச்சு "எங்களுக்கு ஹோம் ஸ்கூலிங் பழக்கம்தானே" எண்டு கனபேர் சொல்லுறாங்க. அப்ப பாடத்தைத் திட்டம் போட்டது, கொப்பி திருத்தினது எல்லாம் டீச்சர்தான், நாங்க டேட்டா போட்டுக் குடுத்தது மட்டும்தான். இன்னொரு பக்கம் வெளிநாட்டுச் சொந்தக்காரர். ஒரு அம்மாக்கு ஜெர்மனியில இருக்கிற அக்கா அமெரிக்கா ஹோம் ஸ்கூலிங் வீடியோவா அனுப்பிக்கொண்டே இருக்கிறா. அமெரிக்காவில எல்லா மாநிலத்திலயும் அது சட்டப்படி செய்யலாம் எண்டது உண்மை. ஆனா அக்கா இருக்கிற ஜெர்மனியில பிள்ளையை ஸ்கூலுக்குத்தான் அனுப்ப வேணும், வீட்டில வச்சுப் படிப்பிக்க விடமாட்டாங்க. அதை அக்கா சொல்லேல்ல போல.

முதல்ல அந்த வயித்துவலிக்கு வாறன். எட்டு வயசுப் பிள்ளை ஒண்டு, ஒரே டேர்முக்குள்ள மூண்டாவது தரம் யூரின் இன்ஃபெக்ஷன். காலமயில வயித்துவலி, அழுகை. அம்மா ஸ்கூலால நிப்பாட்டுறது எண்டே முடிவெடுத்திட்டா, வேலையை விடக் கடிதமும் எழுதி வச்சிருந்தா. அண்டைக்கு ஸ்கூல் விட்டு நேரா வந்ததால பாய்க் கையோட இருந்தது, சும்மா ஒரு எண்ணத்தில தண்ணிப் போத்தலை எடுத்துப் பாத்தன், பின்னேரம் ரெண்டரைக்கு மூடி வரைக்கும் தண்ணி அப்பிடியே இருக்கு. "ஏன் ராசாத்தி குடிக்கேல்ல?" எண்டு கேட்டன். "குடிச்சா டொய்லட் போக வேணும், கதவுக்குக் கொளுக்கி இல்ல" எண்டுது. தண்ணி குடிக்காம அடக்கி வச்சதாலதான் இன்ஃபெக்ஷன், அவ்வளவுதான் விஷயம். அந்த அம்மா ரெண்டு வேற அம்மாமாரையும் கூட்டிக்கொண்டு போய் வகுப்பு மிஸ்ஸோட கதைச்சு, ஹார்ட்வெயார் கடையில கொளுக்கி வாங்கிக் குடுத்துப் பூட்டுவிச்சாங்க. அந்த டேர்ம்ல பிறகு அந்தப் பிள்ளை என்னட்ட வரேல்ல.

எல்லா வயித்துவலியும் கொளுக்கியோட முடியாது எண்டு எனக்கும் தெரியும். ஸ்கூல் வேன்ல பெரிய பொடியன் அடிக்கிறது, வாசிக்க வராத பிள்ளையை எல்லாருக்கும் முன்னால வாசிக்கச் சொல்லுறது, அஞ்சாம் வகுப்பு ஸ்கொலர்ஷிப் சோதனைக்கு நாலாம் வகுப்பிலயே தொடங்குற பேப்பர் கிளாஸ், எல்லாம் வயித்திலதான் வந்து நிக்குது. ஆனா எதால எண்டு தெரியாம பிள்ளையை வீட்டில வச்சா பிரச்சினையும் கூடவே வீட்டுக்கு வரும். ஸ்கொலர்ஷிப் பயத்தில நிப்பாட்டின பிள்ளை ஒண்டுக்கு வீட்டிலயே நாலு டியூஷன் மாஸ்டர் வாறாங்க, இது நான் கண்ட கதை. வயித்துவலி திங்கட்கிழமை எண்டில்லாம எல்லா நாளும் வந்துது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்ப ஹோம் ஸ்கூலிங் பிழையா எண்டா, இல்ல. எனக்குத் தெரிஞ்ச ஒரு பொடியன், பத்து வயசு, நெஃப்ரோடிக் எண்டு சொல்லுற சிறுநீரக வருத்தம், மருந்தால உடம்பில எதிர்ப்புச் சக்தி குறைவு, வகுப்பில ஒருத்தருக்குத் தடிமன் வந்தா இவன் வார்ட்ல படுப்பான். ஒரு வருஷம் வீட்டில வச்சுப் படிப்பிச்சாங்க. அந்த வருத்தத்துக்கு ஒவ்வொரு நாளும் காலம சிறுநீரைச் சோதனைக் குழாயில எடுத்துச் சூடாக்கிப் பாக்க வேணும், வெள்ளையாத் திரண்டா புரதம் போகுது எண்டு அர்த்தம். அம்மா அதையே விஞ்ஞான பாடமாக்கிட்டா. முட்டை வெள்ளைக்கரு அவிச்சா ஏன் வெள்ளையாகுது எண்டதில தொடங்கி, அவன் சீஆர் கொப்பியில நாள் ஒரு பக்கம் புரதம் ஒரு பக்கம் எண்டு வரைபு கீறிக்கொண்டு வந்து எனக்குக் காட்டினான், "டொக்டர், தடிமன் வந்து மூண்டாம் நாள்தான் ஏறுது பாருங்க" எண்டு. நாப்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில எந்த மிஸ்ஸுக்கு இதுக்கு நேரம் கிடைக்கும்? ஒரு பிள்ளையின்ட வேகத்துக்கு நிண்டு படிப்பிக்கலாம் எண்டது வீட்டுக் கல்வியில இருக்கிற பெரிய நன்மை, அதை நான் குறைச்சுச் சொல்ல மாட்டன். ஆனா அதுக்கு அந்த அம்மா ஒரு வருஷம் முழுக்க வேற ஒண்டும் செய்யேல்ல எண்டதையும் சேத்துத்தான் சொல்ல வேணும்.

1945ல இருந்து இலவசக் கல்வி எண்டு நாங்க சொல்லிக்கொண்டிருக்கிறதுக்குள்ள இலவசமாக் கிடைக்கிற வேற சில சாமான் இருக்கு, அது பிள்ளையை நிப்பாட்டினா பிறகுதான் தெரியும். ஒண்டு கண். வீட்டில படிக்கிற ஒரு பொடியனுக்கு அடிக்கடி தலையிடி எண்டு கொண்டுவந்தாங்க. சுவர்ல இருக்கிற எழுத்து அட்டையில மேல ரெண்டு வரிக்குக் கீழ ஒண்டும் தெரியேல்ல. அம்மா அழுதிட்டா, "ஒவ்வொரு நாளும் பக்கத்தில இருக்கிறன், எனக்கு விளங்கேல்லையே" எண்டு. எப்பிடி விளங்கும், கொப்பியும் லெப்டொப்பும் அவனுக்கு ஒரு அடிக்குள்ளதானே இருக்கு, வெள்ளவத்தை ஃபிளட்ல ஜன்னலால பாத்தா அடுத்த ஃபிளட் சுவர். ஸ்கூல்ல பின் வாங்கில இருந்து போர்டைக் கண்ணைச் சுருக்கிப் பாக்கிற பிள்ளையை மிஸ் கண்டுபிடிச்சிருப்பா, இல்லாட்டி தரம் 1, 4, 7, 10ல நடக்கிற ஸ்கூல் மெடிக்கல்ல பிடிபட்டிருக்கும்.

சோதனை விஷயம் கேட்டா ரெண்டு வசனம்தான். ஓ லெவல், ஏ லெவல் தனிப்பட்ட பரீட்சார்த்தியா எழுதலாம், லண்டன் சோதனையும் எழுதலாம், ஆனா இங்க அரசாங்க கெம்பஸுக்கு உள்ளூர் ஏ லெவல் இசட் ஸ்கோர் எண்ட தரப்படுத்தின புள்ளியைத்தான் பாப்பாங்க, அதை முதலே யோசிச்சு வையுங்க. சட்டப்படி 5 வயசில இருந்து 16 வயசு வரைக்கும் கல்வி கட்டாயம், அதால நிப்பாட்ட முதல் கல்வித் திணைக்களத்திலயும் கேட்டு எழுத்தில வச்சிருங்க.

ஸ்கூல்ல இலவசமாக் கிடைக்கிற மற்றச் சாமான் ஊசி. போன மாசம் ஒரு அம்மா மகளைத் தடிமனுக்குக் கொண்டுவந்தா, பதினொரு வயசு, ரெண்டு வருஷமா வீட்டில படிப்பு, நல்ல கெட்டிக்காரி. கிளினிக் கார்டை வாங்கிப் பாத்தன். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வராம இருக்கப் போடுற எச்பிவி ஊசி 2017ல இருந்து தரம் 6 பெண் பிள்ளைகளுக்கு அரசாங்கம் இலவசமாப் போடுது, ஸ்கூலுக்கே வந்து. இந்தப் பிள்ளைக்கு அந்த இடம் வெறுமையா இருக்கு. "எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே டொக்டர்" எண்டா அம்மா. யார் சொல்லுறது, லெட்டர் குடுத்தனுப்ப ஸ்கூல் பாய்க் இல்லையே. தரம் 7ல போடுற ஏற்பு ஊசிக்கும் இதே கதைதான் நடக்கும். வீட்டில வச்சுப் படிப்பிக்கிற ஆக்கள் பிள்ளையின்ட கிளினிக் கார்டை எடுத்துக்கொண்டு உங்கட ஏரியா எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) ஒஃபிஸுக்குப் போய், "பிள்ளை ஸ்கூல் போறேல்ல, எந்த ஊசி பாக்கி?" எண்டு கேளுங்க. அந்த அம்மாக்கு ஒரு துண்டு எழுதிக் குடுத்தன், அடுத்த நாளே போய்ட்டு வந்து கார்டை ஃபோட்டோ எடுத்து அனுப்பியிருந்தா, திகதி போட்டு.