யானைக்கால் நோயை ஏன் ராத்திரியில் தேடினார்கள்?

புதுச்சேரியிலோ கடலூரிலோ கொஞ்சம் வயதானவர்களிடம் கேட்டுப் பாருங்கள். இரவு எட்டரை மணிக்கு மேல் கதவைத் தட்டி, விரலில் குத்தி, கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப்போன சுகாதாரப் பணியாளர்களை நினைவு வைத்திருப்பார்கள். 'நல்லாத்தானே இருக்கேன், எனக்கு எதுக்கு?' என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான்.

யானைக்கால் நோய்க்குக் காரணம் நூல் போன்ற ஒரு புழு. வளர்ந்த புழுக்கள் நிணநீர்க் குழாய்களில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து, லட்சக்கணக்கில் குஞ்சுகளை ஈனும். அந்த நுண்புழுக்கள் பகலில் நுரையீரலின் ரத்தக் குழாய்களில் பதுங்கியிருந்து, இரவில்தான் தோலுக்குக் கீழே ஓடும் ரத்தத்துக்கு வரும். இந்தப் புழுவை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கொண்டுபோவது சாக்கடையில் பிறக்கும் கியூலெக்ஸ் கொசு; அது கடிக்கிற நேரமும் இரவுதான். பகலில் ஊரையே சோதித்தாலும் நோய் இல்லை என்றே தோன்றியிருக்கும்.

இன்னொன்று. கால் வீங்கியவர்களில் பெரும்பாலோருக்கு ரத்தத்தில் நுண்புழு இருப்பதில்லை. அந்த வீக்கம் பல ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்கிறது. இன்று நோயைப் பரப்புகிறவர் எந்தத் தொந்தரவும் இல்லாமல் நடமாடுபவர். அவர் மருத்துவமனைக்கு வரவே மாட்டார். மருத்துவர் தன்னிடம் வந்தவரைப் பார்க்கிறார். நோய் ஊருக்குள் எப்படிப் பரவுகிறது என்று ஆராயும் நோய்ப்பரவலியல் வராதவரைத் தேடிப் போகிறது. எனக்கு இந்தத் துறை மேல் இவ்வளவு மரியாதை வந்ததே இதனால்தான்.

சரி, கணக்குக்கு வருவோம். 500 பேரைச் சோதித்து 10 பேரிடம் நுண்புழு இருந்தால், விகிதம் 2 சதவீதம். 1 சதவீதத்தை எட்டிவிட்டாலே ஊர் முழுக்க மாத்திரை கொடுக்க வேண்டும் என்பது உலக அளவில் வைத்திருக்கும் எல்லை. அப்படியானால் அந்த 500 பேர் யார் என்பது முக்கியமாகிறது. இரவில் கடலுக்குப் போய்விடும் மீனவர்களை விட்டுவிட்டு, வீட்டில் இருந்தவர்களை மட்டும் எண்ணினால், வரும் எண் அந்தக் குப்பத்தின் எண்ணே அல்ல.

டிஇசி, அல்பெண்டசோல் மாத்திரைகள் நுண்புழுக்களை அழித்துவிடும். ஆனால் தாய்ப்புழுக்களில் சில பிழைத்துவிடும். அதனால்தான் குறைந்தது ஐந்து ஆண்டுகள், ஆண்டுக்கு ஒருமுறை விழுங்கச் சொல்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கொடுப்பதில்லை.

கொசுவின் பக்கமிருந்தும் இதைத் தடுக்கலாம். புதுச்சேரியில் 1975-ல் தொடங்கிய நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், 1981 முதல் 1985 வரை நகரத்தில் கொசு பிறக்கும் இடங்களைக் குறிவைத்து வேலை செய்தது. கொசுக்களைப் பிடித்து, அவற்றின் உடலில் புழு இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். மனிதரைக் குத்தாமலே ஊரின் நிலை தெரிய இது ஒரு வழி.

மாத்திரையை எப்போது நிறுத்தலாம்? அதற்கு ஆறேழு வயதுக் குழந்தைகளைச் சோதிக்கிறார்கள். மாத்திரை கொடுக்கத் தொடங்கிய பிறகு வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். ஒரு பிள்ளையிடம் புழுவின் தடயம் தெரிந்தால், அது தாத்தா காலத்து மிச்சமாக இருக்க முடியாது. அந்தப் பிள்ளை பிறந்த பிறகுதான் ஒரு கொசு அதைக் கொண்டுவந்திருக்கிறது. அப்புறம், அந்தப் பிள்ளையின் வீட்டைச் சுற்றி இருப்பவர்களிடம் மறுபடியும் ஊசியோடு போக வேண்டியிருக்கும்.