பேரிடருக்குப் பின் குடிபெயரும் குடும்பங்களுக்கு உள்ள மருத்துவ உரிமைகள்

வெள்ளத்தாலோ புயலாலோ வீடிழந்து நிவாரண முகாமில் தங்கும் குடும்பத்துக்கு மருத்துவ வசதி அளிப்பது அரசின் கருணையைப் பொறுத்த செயல் அன்று. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, முகாம்களில் உறைவிடம், உணவு, குடிநீர், மருத்துவம், துப்புரவு ஆகியவற்றுக்குக் குறைந்தபட்ச அளவுகோல்களை வகுக்கும் பொறுப்பைத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு அளித்திருக்கிறது. அதன்படி ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்களில், ஒருவருக்கு 3.5 சதுர மீட்டர் கூரையுள்ள இடம், நாளொன்றுக்குக் குறைந்தது 3 லிட்டர் குடிநீர், 30 பேருக்கு ஒரு கழிப்பறை என்ற அளவுகள் தரப்பட்டுள்ளன. மருத்துவக் குழுக்கள் முகாமுக்கு வந்து பார்க்க வேண்டும், கர்ப்பிணிகளின் பாதுகாப்பான பிரசவத்துக்கு ஏற்பாடு இருக்க வேண்டும் என்பவையும் அவற்றில் அடங்கும். நிவாரணம் வழங்குவதில் பாலினம், சாதி, சமூகம், மதம் பார்த்து வேறுபாடு காட்டக் கூடாது என்று அதே சட்டத்தின் 61ஆம் பிரிவு தடை விதிக்கிறது.

இந்த அளவுகோல்கள் முகாமுக்கு உரியவை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் செம்மஞ்சேரிக்கும், 2015 வெள்ளத்துக்குப் பின் பெரும்பாக்கத்துக்கும் சென்னைக் குடும்பங்கள் அனுப்பப்பட்டதைப் போல, முகாமிலிருந்து நிரந்தரக் குடியிருப்புக்கு மாறும்போது அதே பிரிவு அவர்களைப் பின்தொடர்ந்து வருவதில்லை. அரசுத் திட்டத்துக்காக நிலம் எடுக்கப்பட்டு இடம்பெயர்பவர்களுக்கோ, 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம் தன் மூன்றாம் அட்டவணையில், மறுகுடியமர்வுப் பகுதியிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் துணை சுகாதார நிலையம் அமைய வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறது. பேரிடரால் இடம்பெயர்பவருக்கு அப்படியொரு அட்டவணை தானாகப் பொருந்தாது என்பது சட்டத்தில் உள்ள பெரிய இடைவெளி என்றே கருத வேண்டியிருக்கிறது. ஆகவே புதிய இடத்தில் கைகொடுப்பவை எல்லோருக்கும் பொதுவான நலத்திட்டங்கள்தாம். அவற்றில் எது இடம் மாறியும் செல்லும், எதற்கு மறுபடியும் பதிய வேண்டும் என்பதை அறிந்துகொள்வது அவசியம்.

தமிழக அரசின் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் முதல் வகையைச் சேர்ந்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, திட்டத்தில் இணைந்த அரசு மருத்துவமனையிலோ தனியார் மருத்துவமனையிலோ கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். முகவரி மாறியதால் இந்த உரிமை போய்விடாது. குடும்ப அட்டையில் ஒருவரின் பெயர் விடுபட்டிருந்தாலோ, திருமணமாகி வந்த மருமகளின் பெயர் இன்னும் சேர்க்கப்படாமல் இருந்தாலோ சிகிச்சை வேளையில்தான் சிக்கல் எழும் என்பதால், முகவரி மாற்றத்தோடு பெயர்களையும் இ-சேவை மையத்தில் சரிசெய்துகொள்வது நல்லது. தண்ணீரில் குடும்ப அட்டை அடித்துச் செல்லப்பட்டிருந்தால் நகல் அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். 2015 வெள்ளத்துக்குப் பின் தொலைந்த ஆவணங்களின் நகல் வழங்கச் சிறப்பு முகாம்கள் நடத்தப்பட்டன.

ஆனால் காப்பீடு பெரும்பாலும் அறுவை சிகிச்சைக்கும் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்குமே உதவும். இடம்பெயர்ந்தவர்களின் உடல்நலம் முதலில் சீர்குலைவது அன்றாட மாத்திரைகள் நின்றுபோவதால்தான். இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் பழைய வீட்டருகே இருந்த நகர்ப்புற நல்வாழ்வு மையத்தில் மாதந்தோறும் மாத்திரை வாங்கியவர், 20 கிலோமீட்டருக்கு அப்பால் குடிபோனதும் பேருந்துச் செலவுக்கு அஞ்சியே விட்டுவிடுகிறார். மேல்மாடியில் வீடு ஒதுக்கப்பட்டு மின்தூக்கியும் பழுதாகிக் கிடந்தால் முதியவர் கீழே இறங்குவதே அரிது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழக அரசுத் திட்டம் இத்தகையவருக்குத்தான் மிகவும் பயன்படும். மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சை, தீராத நோயின் வலியைக் குறைக்கும் நோய்த்தணிப்புச் சிகிச்சை ஆகியவையும் வீட்டுக்கே வரும். இதன் களப்பணியாளர்கள் பகுதிவாரியாகப் பணிபுரிவதால், குடிபோனவர் புதிய பகுதியின் சுகாதார நிலையத்தில் பழைய மருந்துச் சீட்டைக் காட்டித் தம் பெயரைப் பதியச் சொல்ல வேண்டும்.

காசநோய்க்கு மருந்து எடுப்பவர் விஷயத்தில் தாமதம் ஆபத்தானது. மருந்து இடையில் நின்றால் நோய் மருந்துக்குக் கட்டுப்படாத வகையாக மாறக்கூடும். புறப்படும் முன் பழைய மையத்தில் சொல்லிவிட்டால், காசநோயாளிகளுக்கான நிக்ஷய் என்ற இணையப் பதிவின் வழியே சிகிச்சையைப் புதிய மையத்துக்கு மாற்றிவிடுவார்கள். மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்து உதவியும் தொடரும். கர்ப்பிணி, கர்ப்பத்தைப் பதிந்தபோது தமக்குக் கிடைத்த ஆர்.சி.எச். எண்ணைப் புதிய பகுதியின் சுகாதாரச் செவிலியரிடம் தெரிவித்தால், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி இடம் மாறியதால் தடைபடாமல் பார்த்துக்கொள்ளலாம். குழந்தையின் தடுப்பூசி அட்டை தொலைந்திருந்தால் பழைய நிலையத்தின் பதிவேட்டிலிருந்து விவரம் கேட்டுப் பெறலாம்.

மனநலச் சிகிச்சையும் உரிமையே. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் சேவைகளில் மனநலச் சிகிச்சை பெறும் உரிமையை ஒவ்வொருவருக்கும் 18ஆம் பிரிவில் வழங்குகிறது. தூக்கம் கெட்டு, மழை பெய்தாலே பதறுபவர்கள் 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல ஆலோசனை) எண்ணில் தமிழிலேயே பேசலாம். குடியிருப்பில் மருத்துவர் வராமலிருப்பது, குடிநீரில் கழிவுநீர் கலப்பது போன்ற குறைகளைத் திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் எழுத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். 1100 என்ற முதலமைச்சர் உதவி எண்ணிலும் பதியலாம்.